வாயிலில் நிற்கும் பிள்ளை

1

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகளை அழைத்து வர வேண்டும்; மாலை ஆறு மணிக்குள் கொண்டுபோய் விட வேண்டும். ஏற்பாடு இதுதான். அவளுக்கு எட்டு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இயக்கம், பத்திரிகை, கூட்டம் என்று திரிந்த காலத்தில் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டவர்கள் நாங்கள். பிரிவையும் நாங்களே தேர்ந்துகொண்டோம். 'கௌரவமாகப் பிரிந்தோம்' என்று நண்பர்களிடம் சொன்னோம். அதில் பொய் ஒன்றுமில்லை. சில வாரங்களுக்கு முன்பு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோகும்போது அவளிடம் கேட்டேன்: 'பீஸ் விஷயமா அம்மா என்ன சொன்னா?' அவள் நடையை நிறுத்தாமலே சொன்னாள்: 'நீயே போன் பண்ணிக் கேட்டுக்கோப்பா.'

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்படும் உரை. (எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு உரை எழுதுவதைத் தவிர வேறென்ன தெரியும்?) சொந்தக் கதையை இந்தப் பக்கங்களில் கொண்டுவந்து கொட்டுவது எனக்கும் உவப்பானதல்ல. ஆனால் அவள் மறுத்தது என்னை மட்டுமல்ல என்று பிறகு தோன்றியது. பிரிகிற பெரியவர்கள் பிள்ளைக்கென்று காலங்காலமாக ஒதுக்கிவைத்திருக்கும் ஒரு வேலையை அவள் மறுத்திருக்கிறாள். அந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2

சங்க இலக்கியத்தில் எல்லாம் இருக்கிறது என்று காட்டுகிற பழைய வியாதி எனக்கில்லை. இருந்தாலும் இந்த வேலைக்குப் பெயர் அங்கேதான் கிடைக்கிறது: வாயில். ஊடிப் பிரிந்திருக்கும் தலைவன் தலைவிக்கு நடுவே போய்வருபவர்கள் வாயில்கள். தொல்காப்பியம் கற்பியலில் தோழி, பார்ப்பான், பாங்கன், பாணன், விறலியர் என்று பன்னிரண்டு பேரைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் பிள்ளை இல்லை. ஆனால் மருதப் பாடல்களுக்குள் போனால் அவன் நிற்கிறான். கலித்தொகையின் மருதக்கலியில் வரிசையாகச் சில பாடல்கள் அவனைச் சுற்றியே நடக்கின்றன. பரத்தையர் வீடுகளுக்குப் போய்த் திரும்பும் தகப்பன். அவனோடு போய்வந்த மகன். மகனிடம் பேசுவதுபோலத் தகப்பனைக் குத்திக்காட்டும் தாய்.

அகநானூற்றின் 16ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தெருவில் விளையாடும் மகனைப் பரத்தை ஒருத்தி ஆசையாகத் தூக்குகிறாள். தலைவி அதைப் பார்த்துவிடுகிறாள். பரத்தை வெட்கி நிற்க, நீயும் இவனுக்கு ஒரு தாய்தானே என்ற பொருளில் தலைவி அவளை ஏற்றுக்கொள்கிறாள். இதை அவள் சொல்வது கணவனிடம். உரைகாரர்கள் இதில் தலைவியின் பெருந்தன்மையைப் பார்த்தார்கள். நாம் தலைவியின் தந்திரத்தைப் பார்க்கலாம், ஆணாதிக்கப் பிரதி பெண்ணின் வாயில் திணித்த சமரசத்தைப் பார்க்கலாம். எந்த வாசிப்பிலும் மிச்சமாகிற ஒரு விஷயம், அந்தப் பையன் பாடல் முடியும்வரை ஒன்றும் பேசுவதில்லை என்பது. மூன்று பெரியவர்களுடைய உறவும் அவன் உடம்பு வழியாகக் கடந்துபோகிறது.

'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று இலக்கணப்போலிக்கு உதாரணமாகப் படித்திருக்கிறோம். வீட்டின் வாய். வேறு மாதிரியும் பிரித்துப் பார்க்கலாமே: வாய் - இல். வாய் இல்லாதது. சொல்விளையாட்டுதான். ஆனால் பிரிவின் வரலாற்றில் பிள்ளை இந்த இரண்டு பொருளிலும் வாயிலாக இருந்திருக்கிறது.

3

ஊர் வழக்குக்கு வருவோம். 'நம் மரபில் விவாகரத்தே கிடையாது' என்று சொல்பவர்கள் எந்தச் சாதியின் மரபைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அறுத்துக் கட்டுவதும் தீர்த்துக்கொள்வதும் தமிழ்நாட்டில் பெரும்பான்மைச் சாதிகளுக்குப் புதிதல்ல. ஒரு துரும்பைக் கொடுப்பதும் வாங்குவதும் பிரிவுக்கு அடையாளம் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம்கூட, வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவைச் செல்லாதென்று சொல்லவில்லை. 29ஆம் பிரிவில் அதைத் தொடாமல் விட்டுவைத்தது.

துரும்பு கிள்ளியாகிவிட்டது. பிள்ளை? சிவகங்கைப் பக்கத்து என் அப்பத்தாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். 'பால்குடிக்கிற வரைக்கும் ஆத்தா பிள்ளை, பால் மறந்தா அப்பன் பிள்ளை' என்றாள். பஞ்சாயத்தில் பரிசப் பணம் பேசுவார்கள், பாத்திரம் பண்டம் பேசுவார்கள், அந்த வரிசையில் பிள்ளையும் பேசப்படும். பிள்ளையோடு பேசமாட்டார்கள்.

பிரிவு பஞ்சாயத்துக்கும் போகாமல், கோர்ட்டுக்கும் போகாமல் அப்படியே கிடப்பதும் உண்டு. என் அத்தை ஒருத்தி அப்படித் தாய்வீட்டுக்கு வந்தவள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் வாழாவெட்டி. வாழாதவளும் அவளாம், வெட்டியும் அவளாம்! அவள் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒவ்வொரு ஜூன் மாதமும் நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் கேட்க அவனை அப்பா வீட்டுக்கு அனுப்புவார்கள். துணைக்கு ஒருமுறை நானும் போனேன். வாசல் திண்ணைக்கு இந்தப் பக்கமே நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் வீட்டில் கேட்டது: 'என்னடா சொன்னாரு?' போன வீட்டிலும் அதே கேள்விதான்: 'ஒங்க ஆத்தா என்ன சொல்லி அனுப்புனா?' 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்வதாகச் சொன்னவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆக, பெரும்பாலான பிள்ளைகளின் கதை எந்த வழக்குக் கட்டிலும் இல்லை. அது திண்ணைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

4

வழக்குக் கட்டில் இருக்கும் கதை மட்டும் மேலானதா? ஆங்கிலேயப் பொதுச்சட்டம் பிள்ளையைத் தகப்பனுக்கு உரியதாகவே வைத்திருந்தது. 1836இல் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் கணவனைப் பிரிந்தபோது மூன்று மகன்களையும் அவன் எடுத்துக்கொண்டான். பார்ப்பதற்குக்கூட அவளுக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. அவள் எழுதிய துண்டுப் பிரசுரங்களும் செய்த பிரச்சாரமும் 1839ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிசெய்தன. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் மனுச் செய்யலாம் என்றது அது. அதுவும் அவள் மீது நடத்தைக் குற்றம் நிரூபிக்கப்படாதிருந்தால்! அவளுடைய கடைசி மகன் 1842இல் குதிரையிலிருந்து விழுந்து, அதன் விளைவாக இறந்தான். தாய் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அப்பத்தாவின் 'பால் மறக்கும்' வயதையும் லண்டன் பாராளுமன்றத்தின் ஏழு வயதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹனஃபி மரபில் ஆண்பிள்ளைக்குத் தாயின் பராமரிப்பு ஏழு வயது வரை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டத்தில் ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம். மதமும் தேசமும் மாறினாலும் கணக்கு மாறவில்லை. பிள்ளை உடம்பாக இருக்கும்வரை தாய்க்கு. பெயராக, வம்சமாக, சொத்தாக மாறும்போது தகப்பனுக்கு.

இந்தக் கணக்கின் முழு விபரீதத்தையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் அன்னி பெசன்ட்டைப் பார்க்க வேண்டும். பாதிரியாரான ஃபிராங்க் பெசன்ட்டை அவர் பிரிந்தது 1873இல். மகன் டிக்பி தகப்பனுக்கு, மகள் மேபல் தாய்க்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1877இல் கர்ப்பத்தடை பற்றிய நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்ததற்காக சார்லஸ் பிராட்லாவோடு சேர்த்து அவர் மீது வழக்கு நடந்தது. மறுவருஷம் தகப்பன் நீதிமன்றம் போனார். நாத்திகம் பேசுகிறவள், இப்படிப்பட்ட புத்தகம் போடுகிறவள், ஒரு பெண்பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று தீர்ப்பாயிற்று. அப்போது மேபலுக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. இரண்டு பிள்ளைகளும் பெரியவர்களான பிறகு தாங்களாகவே தாயிடம் திரும்பி வந்தார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த இந்தத் தாய் 35 வருஷம் கழித்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நின்றார், இந்தத் தடவை எதிர்த் தரப்பில். அடையாறு பிரம்மஞான சபையில் வேலை பார்த்த நாராயணய்யாவின் மகன்கள் கிருஷ்ணமூர்த்தியும் நித்யானந்தாவும். தாய் 1905இலேயே இறந்துவிட்டாள். 1910இல் தகப்பன் எழுதிக்கொடுத்த கடிதத்தின் பேரில் பெசன்ட் பையன்களுக்குக் காப்பாளரானார். உலக குருவாக வரப்போகிறவன் என்று கிருஷ்ணமூர்த்தியை வளர்த்தார்கள்; படிப்புக்கு இங்கிலாந்து கொண்டுபோனார்கள். 1912இல் தகப்பன் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். 1913இல் சென்னை நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அவரே வென்றார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது.

இது விவாகரத்து வழக்கில்லை என்பது சரி. ஆனால் பிரிவி கவுன்சில் சொன்ன இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். தகப்பனின் காப்புரிமை புனிதமான பொறுப்பு என்பதால் அதை அவன் வேறொருவருக்கு நிரந்தரமாகத் தாரைவார்க்க முடியாது என்றது. அதாவது பழைய கணக்கைத் திரும்பச் சொன்னது. அதோடு, பையன்களின் விருப்பத்தை யாரும் கேட்டறியவில்லை என்பதையும் குறையாகச் சுட்டியது. தாய், தகப்பன், சபை, நீதிமன்றம் எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு, கடலுக்கு அப்பால், இந்தப் பிள்ளைகளுக்கு வாய் இருக்குமே என்று ஒருவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

5

சட்டப் புத்தகத்தில் அந்த ஞாபகம் ஏற்கனவே ஒரு மூலையில் இருந்தது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் - காப்புக்குட்பட்டோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, விவரத்தோடு விருப்பம் சொல்லும் வயது பிள்ளைக்கு இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. 'கொள்ளலாம்', அவ்வளவுதான். 1956 சட்டம் இயற்கைக் காப்பாளர் யாரென்று சொல்லும்போது தகப்பன், 'அவனுக்குப் பின்' தாய் என்றது. பிள்ளையின் நலனே தலையாயது என்பதும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. இந்த 'அவனுக்குப் பின்' என்ற சொல்லோடு எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மோத வேண்டியிருந்தது. மகன் பெயரில் சேமிப்புப் பத்திரம் வாங்கத் தாய் கையெழுத்துப் போதாது என்று சொல்லப்பட்டதில் தொடங்கிய அந்த வழக்கில் 1999இல்தான் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. 'பின்' என்றால் செத்த பின் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, தகப்பன் பொறுப்பில் இல்லாதபோதும் என்று பொருள் கொள்ளலாம் என்று வியாக்கியானம் செய்து சட்டத்தைக் காப்பாற்றியது. சட்டத்தின் வாசகம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தகப்பனான நான் காகிதத்தில் இன்னும் முதல் காப்பாளன். தினமும் தலை பின்னி, காய்ச்சலுக்குக் கண் விழித்துப் பள்ளிக்கு அனுப்புகிறவள் எனக்குப் 'பின்'.

இந்தக் கணக்கை முறிக்கப் பார்த்த இயக்கம் நம்முடையது. 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே சுயமரியாதைக்காரர்கள் மணவிலக்கு உரிமை பேசினார்கள். பெரியார் அதற்கு வைத்த பெயர் 'கல்யாண விடுதலை'. முறிவு என்றோ ரத்து என்றோ சொல்லாமல் விடுதலை என்று சொன்னது எவ்வளவு பெரிய காரியம்! சென்னை மாகாணம் 1949இல், மத்தியச் சட்டத்துக்கு ஆறு வருஷம் முன்பே, இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் கொண்டுவந்ததை இந்தச் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லாடலில் பிள்ளை எங்கே வருகிறது? பெரும்பாலும் பெண்ணைக் கட்டிப்போடும் கயிறாக. அது அன்றைய உண்மை. அதைச் சொல்லாமல் கர்ப்பத்தடை பேசியிருக்க முடியாது. கயிற்றை அறுக்கச் சொன்னவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்களுக்குப் பிறகு வந்த நாம் விடுதலை பெற்ற இருவரைப் பற்றி நிறையப் பேசினோம், நடுவில் இருக்கும் மூன்றாவது ஆளிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம்கூடச் செய்துவைக்கவில்லை என்பதுதான் என் குறை. பிரிவதென்று முடிவான ராத்திரி, அரசியல் கட்டுரை எழுதி எழுதிக் காய்த்த கை எனக்கு. மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 'அப்பாவுக்கு வெளியூர்ல வேலை' என்றேன். மூன்று மாதம் அந்தப் பொய்யில் ஓட்டினேன்.

6

எங்களுடையது சம்மத மனு. 1976இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13-பி. மனுவில் நகை ஒரு பத்தி, வைப்புத்தொகை ஒரு பத்தி, 'மைனர் மகள்' ஒரு பத்தி. அப்பத்தாவின் பஞ்சாயத்துதான், டைப் அடித்திருந்தது. குடும்ப நீதிமன்றங்களுக்கான சட்டம் 1984இல் வந்தது. சண்டையைக் குறைக்க, ஆலோசகர்களை வைத்துப் பேச என்று நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம். குடும்பத்தைத் திருத்துவது என்ற பேரில் நீதிபதியும் மருத்துவரும் நலப்பணியாளரும் எப்படி வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்று பிரான்சு நாட்டு அனுபவத்தை வைத்து ழாக் தொன்ஸலோ 1977இல் எழுதினார். அந்தச் சந்தேகத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் பள்ளிச் சீருடையோடு, டிபன் பாக்ஸோடு, அம்மாவின் வக்கீலையும் அப்பாவின் வக்கீலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் மட்டும் போதாது.

அங்கே பிள்ளையிடம் கேள்வி கேட்கப்படுகிறது. 'அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியா?' பிள்ளைக்கு வாய் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா? ஐ.நா. 1989இல் ஏற்றுக்கொண்ட, இந்தியா 1992இல் சேர்ந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு பிள்ளைக்குத் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. தீர்ப்புச் சொல்லும் பாரத்தை அது பிள்ளை தலையில் வைக்கவில்லை. 'உனக்கு எது கஷ்டமா இருக்கு, எது வேணும்' என்று கேட்பது ஒன்று. 'இவரா அவரா' என்று கேட்பது வேறு. இரண்டாவது கேள்வி பிள்ளையை மறுபடியும் வாயிலாக்குகிறது. இந்தத் தடவை ஒரு பக்கத்தை அதுவே சாத்த வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 1971இல் ஜூடித் வாலர்ஸ்டீனும் ஜோன் கெல்லியும் பிரிந்துகொண்டிருந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளோடு பேசத் தொடங்கினார்கள். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு என்ன நடக்கிறதென்று யாருமே ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை. சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்: நான் சேட்டை செய்ததால்தான் அப்பா போய்விட்டார். அந்த ஆய்வு வசதியான வட்டாரத்தில் நடந்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் பிரியாத குடும்பங்களை எடுத்துக்கொள்ளவில்லை என்ற விமர்சனங்கள் நியாயமானவை. பல வருஷம் ஒப்பிட்டுப் பார்த்த மேவிஸ் ஹெதரிங்டன் 2002இல் சொன்ன கணக்கு இது: பிரிந்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்குக் கடுமையான சிக்கல்கள், பிரியாதவர்களின் பிள்ளைகளில் 10 பேருக்கு. முதல் கணக்கை வைத்துப் பயமுறுத்துகிறவர்கள், மீதி 75 பேர் தேறிவருகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பிரிவைவிட, பிரிந்த பிறகும் ஓயாத சண்டை பிள்ளையை அதிகம் சிதைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடம் பரவலான உடன்பாடு இருக்கிறது. சண்டை ஓயாதபோது அது போகும் பாதை எது? வேறெது, பிள்ளைதான்.

ஆகவே எனக்கு இதிலிருந்து கிடைப்பது மனவியல் அறிவுரையைவிட எளிமையானது, செய்வதற்குக் கடினமானது. பொய்யை நிறுத்தி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னோம்: 'நாங்க இனிமே ஒரே வீட்ல இருக்க மாட்டோம். இது நீ செஞ்ச எதனாலயும் இல்ல. ரெண்டு பேருமே ஒன்னை விட்டுட்டுப் போகல.' அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, 'அப்ப என் சைக்கிள் எந்த வீட்ல இருக்கும்?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உடனே, தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குப் பிரிவு என்பது சைக்கிள், தலையணை, லீவுக்கு எந்தத் தாத்தா வீடு, கையெழுத்துப் போட வேண்டிய ரேங்க் கார்டு. காலண்டரில் என் ஞாயிறுகளைச் சிவப்பு மையால் அவளே வட்டமிட்டாள். ஒரு ஞாயிறு கூட்டம் என்று நான் போகவில்லை. அந்த வட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், 'அம்மா என்ன சொன்னா?' என்று கேட்டுவிட்டேன். பீஸைப் பற்றித்தான் கேட்டேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. பழைய வேலையை அவளுக்குக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அகநானூற்றுப் பையனுக்கும், திண்ணைக்கு இந்தப் பக்கம் நின்ற என் அத்தை மகனுக்கும் கிடைக்காத வாய் அது.

நண்பர்களுக்கு ஒரு யோசனை. நாம் நடத்திவைக்கும் சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துரை என்ற பேரில் ஒவ்வொருவரும் அரைமணி நேரம் சமத்துவம் பேசுகிறோம். நாளைக்குப் பிரிய நேர்ந்தால் பிள்ளையைத் தூது விடமாட்டோம், அதனிடம் பொய் சொல்லமாட்டோம் என்பதையும் உறுதிமொழியில் சேர்த்தால் என்ன? அபசகுனம் என்று நம் ஆட்களே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அங்கிருந்தே விவாதத்தைத் தொடங்கலாம்.

அன்று ராத்திரி நான் போன் செய்தேன். பீஸை இரண்டு தவணையாகக் கட்டலாமாம்.